ஐம்பது தடவை எழுத வேண்டுமாம்

"மீப்பெரு பொதுக் காரணிக்குச் சிறிய அடுக்கு, மீச்சிறு பொது மடங்குக்குப் பெரிய அடுக்கு." கணக்கு வகுப்பில் ஹெச்.சி.எஃப்., எல்.சி.எம். என்பார்களே, அதற்கான சூத்திரம் இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இந்த ஒரு வரியை ஐம்பது தடவை எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

நேற்று கோத்தகிரி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மகளின் முகம் சரியில்லை. நோட்டைப் பிரித்தால் பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு. 12 எக்ஸ் கியூப் ஒய் ஸ்கொயர், 18 எக்ஸ் ஸ்கொயர் ஒய் பவர் 4, இந்த இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மிச்சமில்லாமல் வகுக்கிற மிகப் பெரியது எது என்று கேட்டிருக்கிறார்கள். இவள் 6 எக்ஸ் கியூப் ஒய் பவர் 4 என்று எழுதியிருக்கிறாள். தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த 6 சரி! அதையும் சேர்த்து அடிக்க எப்படி மனசு வந்தது?

"மீப்பெருன்னா ரொம்பப் பெருசுதானே, அப்புறம் எதுக்குச் சின்ன அடுக்கை எடுக்கணும்?" இதை வகுப்பிலேயே எழுந்து கேட்டிருக்கிறாள். "ரூல் அதுதான், உட்கார்" என்று பதில். அந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அது ஒன்றுதானே! கேட்ட பிள்ளைக்குத் தண்டனையா?

எனக்கு வயிறு எரிந்தது. அடுப்படியில் நறுக்க வைத்திருந்ததை எடுத்து, ஒரு தட்டில் 3 கேரட், 2 பீன்ஸ், இன்னொன்றில் 2 கேரட், 4 பீன்ஸ் வைத்தேன். கேரட்தான் எக்ஸ், பீன்ஸ்தான் ஒய். எக்ஸ் கியூப் என்றால் மூணு எக்ஸைப் பெருக்கியது, அதனால் மூணு கேரட். "ரெண்டு தட்டிலிருந்தும் ஒரே மாதிரி எடுக்கணும் கண்ணு, அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம்?" 2 கேரட், 2 பீன்ஸ் என்றாள். மூணாவது கேரட் ரெண்டாவது தட்டில் இல்லையே! "அப்போ 6 எக்ஸ் ஸ்கொயர் ஒய் ஸ்கொயராம்மா?" ஆமாம் சாமி, அவ்வளவுதான்.

அந்த 6 வந்ததும் இதே வழியில்தான். 12-இல் இரண்டு 2, ஒரு 3. 18-இல் ஒரு 2, இரண்டு 3. இரண்டிலும் இருப்பது ஒரு 2, ஒரு 3. எண்ணில் தானாகச் செய்த பிள்ளைக்கு எழுத்திலும் அதே வேலைதான் என்று சொல்ல ஆளில்லை. முதலில் 'பொது', அப்புறம்தான் 'பெரு'. பெயரில் 'பெரு' முன்னால் நிற்கிறது, பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிஷம் போதும். சுமார் 2300 வருஷத்துக்கு முன்னால் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இதைப் பொது அளவு என்றே சொன்னார்: இரண்டு நீளத்தையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய பெரிய கோல். அது சின்ன நீளத்தைத் தாண்ட முடியுமா? பிள்ளைக்கு இது புரியாதா?

புரிந்த பிறகும் உட்கார்ந்து எழுதினாள், ஐம்பது தடவை. ராத்திரி பதினொரு மணி. மூடுபனியில் நோட்டுத் தாள் நமுத்துப்போய் பேனா சரியாக ஓடவில்லை. முப்பதாவது வரிக்கு மேல் விரலை உதறி உதறி எழுதினாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

இதில் யூனிபார்ம் வேறு நாலு நாளாகக் காயவில்லை! இருப்பது இரண்டு செட், இரண்டும் ஈரம். அடுப்புப் பக்கம் பிடித்துப் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன், காலர் மட்டும் இன்னும் சொதசொதவென்றே இருக்கிறது.