பையன் நொண்டினான், நான் திட்டினேன்

போன வருடம் என் மகனுக்குப் பதினொன்றரை வயது. மாலைப் பயிற்சி முடிந்து வரும்போது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் விரல்களாலேயே நடந்து வருவான். காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. மறுபடி ஓடினால் மறுபடி வரும். கோச்சிடம் கேட்டேன். "ரவுண்டு ஓடச் சொன்னா மட்டும்தான் மேடம் நொண்டுறான். மேட்ச் வச்சா சிட்டாப் பறக்குறான். டபாய்க்கிறான்" என்றார். நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்ததும், "டிராமா போடத்தான் அங்க போறியா?" என்று ஆரம்பித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவன் பதிலே பேசவில்லை. அந்த நாலு வார்த்தை இன்னும் எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வாரம் இரண்டு குதிகாலும் வலிக்கிறது என்றான். டாக்டர் எக்ஸ்ரே கூட எழுதவில்லை. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரல்களால் சேர்த்து அழுத்தினார், பையன் துள்ளிவிட்டான். "ஆறு மாசத்துல எவ்வளவு வளர்ந்திருக்கான்?" என்று கேட்டார். முழித்தேன். அவன் நூறு மீட்டரை எத்தனை நொடியில் ஓடுவான் என்பது புள்ளிக்குப் பிறகு வரும் எண் வரை எனக்கு மனப்பாடம். எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான் என்பது தெரியாது.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு வளர்வது அங்கிருந்துதான். முற்றிய எலும்பைவிட அது மெத்து. குதிகாலின் பின்பக்கம் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. கெண்டைக்கால் தசையின் தடித்த நாண் வந்து பிடித்துக்கொள்வதும் அதே இடத்தில்தான். கால் சடசடவென்று நீளும் காலத்தில் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகி நிற்கும். ஒவ்வொரு ஓட்டமும் ஒவ்வொரு குதியும் அந்த மெத்துப் பகுதியைப் பிடித்து இழுக்கும். செவர் நோய் என்கிறார்கள். 1912-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயர் அது. நோய் என்பதே பெரிய வார்த்தை, வளர்ந்து முடிந்தால் தானாகப் போய்விடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முண்டு மாதிரி வீங்கி வலிப்பது இதற்கு அண்ணன் முறை. அதை ஆஸ்குட், ஸ்லாட்டர் என்ற இரண்டு பேர் 1903-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாக மருத்துவத்துக்குத் தெரிந்த சங்கதிக்கு மைதானத்தில் இன்னும் 'டபாய்க்கிறான்' என்றுதான் பெயர். மேட்சில் மட்டும் எப்படிப் பறந்தான் என்கிறீர்களா? விளையாட்டு ஆசையில் பிள்ளைகள் எந்த வலியையும் முழுங்கிவிடுவார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு விஷயத்தில் பிடிவாதம் வந்துவிட்டது. பயிற்சித் திட்டம் பிறந்த தேதியைப் பார்த்துப் போடப்படுகிறது, அல்லது பெரியவர்களின் திட்டத்தைப் பாதியாக வெட்டிக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் உடம்பு இரண்டையும் பார்ப்பதில்லை. பதின்மூன்று வயதுப் பிரிவு என்று இருபது பேரை வரிசையில் நிறுத்துங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்குப் பால் முகம் மாறியிருக்காது. உடம்பின் வயதைக் கணக்கிட்டால் மூன்று நான்கு வருட இடைவெளி கூட இருக்கலாம். இருவருக்கும் அதே சுற்று, அதே எடை, அதே தாண்டுதல். முதலாமவன் நட்சத்திரம், இரண்டாமவன் சோப்ளாங்கி. பிறந்த மாதமும் இதே வேலையைச் செய்வதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1985-லேயே கண்டுபிடித்து எழுதினார்கள். அங்கே வயதுப் பிரிவுக்குக் கணக்கு நாள் ஜனவரி 1. முன்னணி அணிகளைப் பார்த்தால் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களாகக் குவிந்திருந்தார்கள். நாம் திறமை என்று கைதட்டியதில் பத்து மாத மூப்பும் கலந்திருந்தது. டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கு இதை யார் போய்ச் சொல்வது?

உயரம் வேகமாக ஏறும் அந்தப் பருவம் பெண்பிள்ளைகளுக்குச் சுமாராகப் பன்னிரண்டிலும் ஆண்பிள்ளைகளுக்குப் பதினாலிலும் உச்சத்தைத் தொடும். சிலருக்கு இரண்டு வருடம் முன்னே, சிலருக்குப் பின்னே. உச்சத்தில் இருக்கும் பையன் வருடத்துக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கூட வளர்வான். நேற்றுவரை அழகாகப் பந்து பிடித்தவன் இன்று கோட்டை விடுவான், தன் காலே தடுக்கி விழுவான். கையும் காலும் எங்கே முடிகின்றன என்பது அவன் மூளைக்கே புதுச் செய்தி. "ஃபார்ம் போச்சு" என்று தீர்ப்பு எழுதுவதும், கூடுதல் பயிற்சி போட்டுச் சாத்துவதும் அப்போதுதான் நடக்கிறது. உண்மையில் அந்த மாதங்களில் ஓட்டத்தையும் தாண்டுதலையும் கொஞ்சம் தணித்து, சமநிலை, நீட்சி, தரையிறங்கும் முறை ஆகியவற்றைத் திரும்பச் சொல்லித் தரவேண்டும். முழுவதும் நிறுத்தவும் கூடாது. ஒருவர் வாழ்நாளில் சேர்க்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு அந்த உச்சத்தை ஒட்டிய இரண்டு வருடங்களில் சேர்கிறது. குதிப்பும் ஓட்டமும் இருந்தால்தான் எலும்பு உறுதியாகும். பயிற்சி வேண்டும், அளவுதான் பிரச்சினை.

சின்னப் பிள்ளைகளின் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். ஏழு வயதுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி இருபது சிட்-அப் எடுக்கச் சொல்லும் வீடியோக்களுக்கு லைக் கொட்டுகிறது. அந்த வயதுப் பிள்ளையைச் சும்மா விட்டுப் பாருங்கள். பத்து நொடி பாய்ந்து ஓடும், நிற்கும், எதையோ உற்றுப் பார்க்கும், திரும்பப் பாயும். அதன் உடம்புக்கு ஏற்ற பயிற்சி முறையே அதுதான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடிப்பிடித்தல், நொண்டி, கயிறு தாண்டுதல், எறிதல், பிடித்தல், தொங்குதல், உருளுதல், ஒற்றைக் காலில் நிற்றல் இவைதான் அந்த வயதின் பாடம். எழுத்துக் கூட்டத் தெரியாமல் கட்டுரை எழுத முடியாது, எறியத் தெரியாமல் எந்த விளையாட்டும் ஒட்டாது. மூன்று நான்கு வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிடம் ஏதாவது அசைவு, அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற ஆட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. 5 முதல் 17 வயதுக்கு வாரக் கணக்கில் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வேலை என்பது 2020-இல் வந்தது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் என்று அர்த்தமில்லை, சிதறிச் சிதறிச் சேர்ந்தாலும் கணக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு வலிக்குப் பயந்து பிள்ளையை உட்காரவைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 81 சதவீதம் பேர் அந்த ஒரு மணி நேரத்தைக் கூடத் தொடுவதில்லை. 2016-ஆம் ஆண்டுக் கணக்கு அது. பெண்பிள்ளைகளில் 85 சதவீதம். அளவுக்கு மீறி ஓடிக் குதிகால் வலிப்பவர்கள் ஒரு மூலையில் இருக்கும் சிறு கூட்டம்தான், எங்கள் வீடு அந்த மூலையில் இருக்கிறது.

எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்பது இன்னொரு பூதம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறை வரும். சரியான முறையில், கண்காணிப்போடு செய்யும் தசைப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2008-இலும் மறுபடி 2020-இலும் தெளிவாகவே எழுதியிருக்கிறது. யோசித்தால் புரியும்: ஒரு சுவரிலிருந்து குதித்து இறங்கும்போது கால் எலும்பு வாங்கும் அடி, உடம்பு எடையைப் போல் பல மடங்கு. இரண்டு கிலோ டம்பெல்லுக்குப் பயப்படுகிற நாம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. பருவமடையாத பிள்ளைக்குத் தசை பெரிதாகப் புடைக்காது, தசைகளை மூளை கூட்டாக இயக்கப் பழகுவதால்தான் பலம் கூடும். அதனால் கண்ணாடி முன் நின்று ஏமாற வேண்டாம். சொன்னதைக் கேட்டு அப்படியே செய்யக்கூடிய பக்குவம் வந்தால், ஏழு எட்டு வயதில் சொந்த உடம்பின் எடையோடு ஆரம்பிக்கலாம். முறை பிசகாமல் பத்துப் பன்னிரண்டு முறை செய்ய முடிகிற எடை போதும். 'அதிகபட்சம் எவ்வளவு தூக்குவ?' என்ற போட்டி மட்டும் எலும்பு முற்றும்வரை கிடையாது. புரோட்டீன் டப்பாவைப் பற்றிக் கேட்காதீர்கள், வாய் சும்மா இருக்காது.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடும் பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோவதை 'உழைப்பின் அடையாளம்' என்று பெருமையாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். செலவாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று உடம்பு அடிக்கும் மணி அது. எலும்பு தேய்வதும் அதோடு சேர்ந்தே தொடங்கும். மூன்று மாதம் வரவில்லை என்றால் மைதானத்துக்கு முன் மருத்துவரிடம் போங்கள்.

ஒரே விளையாட்டை எட்டு வயதிலேயே பிடித்துக்கொள்வதைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு, கேட்டால் பல பெற்றோருக்குக் கோபம் வரும். சீக்கிரம் பிடித்தால்தான் சாம்பியன் என்கிறார்கள். நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு விதியில், பதினொரு வயதுக்கு முன் முடிவுப் பட்டியல், தரவரிசை வெளியிடக் கூடாது. பதின்மூன்றுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. அந்தச் சின்ன நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கத்தோடு பட்டியலில் முதலிடம். இந்த விதியால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, பனியும் மலையும் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் இந்த விதியால் கெட்டுப்போகவும் இல்லை. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 1997-இலேயே சீனியர் சர்வதேசப் போட்டிக்குக் குறைந்த வயதை 16 ஆக்கினார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங் என்கிற பனிச்சறுக்கு நடனத்தில் 2022-இல் 17 ஆக உயர்த்த முடிவானது. பிஞ்சுகளை வாட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு வந்த விதிகள். எனக்குப் பிடித்த எளிய அளவுகோல் ஒன்று விளையாட்டு மருத்துவர்களிடம் உண்டு: வாரத்தில் ஒழுங்கமைத்த பயிற்சி மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. என் மகனுடையதைக் கூட்டிப் பார்த்தேன். பதினொரு வயது, பதினாறு மணி நேரம்.

தண்டனையாக ஓடவைப்பதைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. தாமதமா, பத்து ரவுண்டு. பேசினாயா, ஐம்பது தோப்புக்கரணம். வாழ்நாள் முழுக்க அசையவேண்டிய உடம்புக்கு, அசைவே அவமானம் என்று பதிய வைக்கிறோம். என்னோடு படித்த பாதிப் பேருக்கு ஓட்டம் என்றாலே அந்த விசில் சத்தம்தான் ஞாபகம். நாற்பதில் டாக்டர் நடக்கச் சொன்னால் நடப்பார்களா?

கோச்சிடம் போய்ப் பேசினேன். சண்டைக்குத்தான் போனேன், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. அவரையும் யாரோ இப்படித்தான் ஓடவைத்திருக்கிறார்கள். வாரம் மூன்று நாள் போதும் என்று ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, ஷூவுக்குள் குதிகால் மெத்தை, நடுவில் நீச்சல். வலி போனது, வருகிறது, போகிறது. கதவு நிலையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சில் கோடு போடுகிறேன். கோடு எகிறினால் பயிற்சி மணி இறங்கும். நூறு மீட்டர் நேரம் இப்போது எனக்குத் தெரியாது, அவனிடம்தான் கேட்கவேண்டும்.

அண்ணனுக்கு லேசான டம்பெல் வந்ததைப் பார்த்து ஒன்பது வயது மகள், "எனக்கு எப்போம்மா?" என்று பிடித்துக்கொண்டாள். மேஜை விளிம்பில் கை வைத்து, முதுகு வளையாமல் பத்துத் தண்டால் எடுத்தால் பேசலாம் என்றேன். நேற்று ஏழாவதில் இடுப்பு தொங்கிவிட்டது. பக்கத்தில் நின்று எண்ணிய அண்ணன் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.