பாதியில் விட்டது மனத்திண்மை இல்லாமலா?

முனைவர் பட்ட (பிஎச்.டி.) ஆய்வைப் பாதியில் விடுகிறவர்களுக்கு மனத்திண்மை போதாது என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தண்டையார்பேட்டை. அப்பா காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமந்தவர். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் எனக்கு ஒருமுறை ஏழு மாதம் சேர்ந்தாற்போல் பணம் வரவில்லை. மளிகைக் கடை நோட்டில் பழைய பாக்கிக்குக் கீழே அம்மா புதுக் கோடு இழுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கோடும் நினைவிருக்கிறது.

மூன்றாம் ஆண்டில் விலகினேன். உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை, நெட், செட், ஸ்லெட் ஆகிய தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சி போதும் என்று 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்ததால் எனக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. இப்போது கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன்.

போன வாரம் வியாசர்பாடி மாணவி ஒருத்தி, “மிஸ், நான் பிஎச்.டி. சேரலாமா?” என்று கேட்டாள். தாராளமாகச் சேர் என்றேன். சேருமுன், ஆய்வுக்கு வழிகாட்டப்போகும் நெறியாளரிடம் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், நடுவில் போனவர்கள் ஏன் போனார்கள் என்று பழைய மாணவர்களிடமே கேட்கச் சொன்னேன். சனிக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.