பெட்ரோலும் குடிக்கும், ஆயிலும் குடிக்கும்

ரோட்டரி இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள், வண்டி ஆயிலைக் குடிக்கிறது என்று புலம்புவார்கள். பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே சுற்றும் முக்கோணச் சுழலியின் முனை சீல்கள் தேயாமலிருக்க ஆயிலை உள்ளே விட்டு எரிப்பதுதான் அதன் அமைப்பே, குடிக்காமல் என்ன செய்யும்? எனக்கு அந்தக் கார் வாய்க்கவில்லை. அப்பா விட்டுப்போன டூ ஸ்ட்ரோக் பைக்தான். நோய் என்னவோ ஒன்றுதான்.

பெட்ரோலோடு, அதில் கலந்து எரியும் டூ டி ஆயிலுக்கும் தனியாகக் காசு. நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினால் பின்னால் வருகிறவர் கண்ணைக் கசக்குவார். சைலன்சரில் கரி அடைத்தால் இழுவை போச்சு. கழற்றிச் சுட்டுத் தட்டியெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாம் பழங்காலத்தவை. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலில் ஊறி உப்பிக் கசிகின்றன.

போன வாரம் பிஸ்டன் ரிங் தேடி வண்ணாரப்பேட்டையில் அலைந்தேன். "ஒரிஜினலா? அது இப்ப எங்க அண்ணாச்சி வருது? டூப்ளிகேட் போடுங்க, ஆறு மாசம் ஓடும்" என்றார் கடைக்காரர். சிலிண்டரை உள்ளே கடைந்து கடைந்து, இனிச் சுரண்ட இடமில்லை என்று மெக்கானிக்கும் கைவிரித்துவிட்டார்.

"எடைக்குப் போடுங்க" என்கிறாள் வீட்டுக்காரி. நேற்று ஒருவர் வாசலிலேயே நின்று விலை கேட்டார். தருவதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஆயில் வாங்கப் போனேன்.