வாளைப் பற்றி ஓபி-வான் சொன்ன பொய்

ஸ்டார் வார்ஸ் படங்களில் முதிய வீரர் ஓபி-வான் கெனோபி இளைஞன் லூக்கிடம் சொன்ன பொய் என்று பேச்சு வந்தால் எல்லாரும் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வில்லன் டார்த் வேடர் உன் அப்பாவைக் கொன்றுவிட்டான் என்றாரே, அதை. உண்மையில் அந்த வேடர்தான் லூக்கின் அப்பா. எனக்கு உறுத்துவது அது இல்லை. அதே வீட்டில், அதே உட்காரலில், அதற்குச் சற்று முன்னால் பெட்டியைத் திறந்து லைட்சேபர் என்கிற ஒளி வாளை எடுத்துக் கொடுத்தபடி இன்னொன்று சொல்வார்: நீ வளர்ந்ததும் இது உன்னிடம் சேர வேண்டும் என்று உன் அப்பா ஆசைப்பட்டார், உன் மாமாதான் விடவில்லை.

பெரிய பொய்க்காவது ஒரு சாக்கு இருக்கிறது. 1983 படத்தில் டகோபா சேற்றுக்காட்டில் ஆவியாக வந்து உட்கார்ந்து, வேடராக மாறிய அன்றே உன் அப்பா அனகின் அழிந்துவிட்டார், ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான் என்கிறார். வக்கீல் பேச்சுதான், இருந்தாலும் பாதி ஏற்கலாம். முதல் படம் வந்த 1977-இல் வேடர்தான் அப்பா என்று முடிவே ஆகவில்லை, அடுத்த படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் வரைவில்கூட லூக்கின் அப்பா வேறு ஆளாக ஆவி வடிவில் வருகிறார், ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் பிறகுதான் மாற்றினார், ஆகவே இதெல்லாம் ஒட்டுப்போட்ட கதை என்பார்கள். சரி, ஒட்டுதான். ஆனால் 2005-இல் வந்த முன்கதைப் படத்தில் போட்ட ஒட்டு இருக்கிறதே, அதில்தான் இந்த மனிதர் வசமாக மாட்டிக்கொள்கிறார்.

முஸ்தஃபார் கிரகத்தில் லாவா ஓரம். தானே பயிற்சி கொடுத்து, தம்பியாக நினைத்த அனகினோடு சண்டை போட்டு ஓபி-வான் அவனை வீழ்த்துகிறார். இரண்டு காலும் ஒரு கையும் போய், உடம்பு பற்றி எரிந்துகொண்டிருக்கிறான் அனகின். ஓபி-வான் கீழே கிடக்கும் அவன் வாளை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கிறார். அந்த வாள்தான் இது. அனகினுக்குத் தன் பிள்ளை உயிரோடு இருப்பதே தெரியாது, கர்ப்பமாக இருந்த உன் மனைவி பத்மேவை நீயே கொன்றுவிட்டாய் என்று அவனுடைய புது எஜமானனான பேரரசன் அவனிடம் சொல்லிவிட்டான். அப்புறம் எந்த அப்பா, எப்போது ஆசைப்பட்டார்? இதற்கு எந்தக் கோணமும் கிடையாது. சுத்தப் பொய்.

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் (மமாக்) சாப்பாட்டுக் கடையில் என் அக்கா மகனோடு இதே சண்டை. அவனுக்கு ஒரே பதில்தான். "மாமா, அவர் பையனைப் படைக்கு ஆள் பிடிக்கிறார். அப்பா வாள்னு சொன்னா எவன் வேணாம்னு சொல்வான்?" ரொத்தி சானாயைக் கிழித்தபடி மகாபாரதத்தையும் இழுத்தான், ஓபி-வான் கிருஷ்ணர் மாதிரி, ஜெயிக்க எதையும் சொல்வார் என்று.

இல்லை என்றேன். கிருஷ்ணர் என்றால் அது யோடா, ஓபி-வானுக்கும் மூத்த கிழட்டு குரு. பாதகமான யோசனையைச் சொல்லிவிட்டு முகம் மாறாமல் நிற்கிற ஆள் அவர்தான். ஓபி-வான் தருமர். துரோணரை வீழ்த்த அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் முணுமுணுத்தாரே, அதுவரை தரையைத் தொடாமல் ஓடிய தேர் அந்தக் கணமே மண்ணில் இறங்கியதே, அந்தத் தருமர். 1977 படத்தில் லூக் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டதும் அலெக் கின்னஸ் முகத்தைப் பாருங்கள். பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவார். கதை முடிவாவதற்கு முன்பே அந்த நடிகர் அதை எப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் வியக்கிறேன்.

ஆள் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், பக்கத்திலேயே பாலைவனத்தில் இத்தனை வருடம் சும்மா உட்கார்ந்திருப்பானேன்? நான் வரமாட்டேன் என்று லூக் சொன்னபோதுகூட, உனக்குச் சரி என்று படுவதைச் செய் என்றுதானே விட்டார். மாமாவும் அத்தையும் எரிந்து கிடப்பதைப் பார்த்தபிறகு பையன் தானாகத்தான் வந்தான்.

என் கணக்கு இதுதான். அந்த வாளை எரியும் தம்பிக்குப் பக்கத்திலிருந்து பொறுக்கி வந்தேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் இல்லாத ஒரு அனகினை ஒரே வரியில் உண்டாக்கிவிட்டார். நல்லபடியாக வயதாகி, மகன் தோளில் கை போட்டு வாளை எடுத்துக் கொடுத்திருக்கக்கூடிய அனகின். நம் ஊர்த் தாமான் குடியிருப்புகளில் அப்பன் சிறையில் இருந்தால் பிள்ளையிடம் "அப்பா சிங்கப்பூர்ல வேலை செய்றார்" என்று அத்தைமார் சொல்வதில்லையா? அது பிள்ளைக்காக மட்டும் சொல்வதா என்ன? தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று அத்தை தனக்கே சொல்லிக்கொள்வதும்தான்.

இதற்காக அவரை நல்லவர் என்று முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. 2005-இல் யோடா அனகினிடம் போகச் சொன்னபோது, பேரரசனிடம் அனுப்புங்கள், அனகினைக் கொல்ல மாட்டேன், அவன் என் தம்பி மாதிரி என்று கெஞ்சியவர் இவர். போயும் முழுதாகக் கொல்லாமல்தான் வந்தார். அதே ஆள் 1983-இல், சொந்த அப்பாவை என்னால் கொல்ல முடியாது என்று லூக் சொன்னதும், அப்படியானால் பேரரசன் ஏற்கனவே ஜெயித்துவிட்டான் என்கிறார். தான் தம்பிக்குச் செய்ய முடியாததை மகனைச் செய்யச் சொல்கிறார்! இந்த இடத்தில் அக்கா மகன் பாதி ஜெயித்துவிட்டான், அதை அவனிடம் நான் சொல்லவில்லை. யோடா இதைச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது, அந்தக் கிழவர் எப்போதும் அப்படித்தான்.

ஓபி-வானைப் பற்றி 2022-இல் வந்த தொடரைக் காட்டி, அனகினைக் கொன்றது நான்தான் என்று வேடரே ஒப்புக்கொள்கிறானே, ஆகவே ஓபி-வான் சொன்னது பொய்யே இல்லை என்று சிலர் வருவீர்கள். தாராளமாக. அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது லூக்கின் மாமா ஓவன் கேட்கும் கேள்விதான். நேரம் வந்ததும் பையனுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிற ஓபி-வானிடம், அவன் அப்பனுக்குக் கொடுத்த மாதிரியா என்று கேட்பான். பதில் இல்லை. அதே தொடரில் அந்த வாள் பாலைவன மணலுக்கடியில் பெட்டியில் புதைந்து கிடக்கிறது. மகனுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் அப்படியா கிடக்கும்? கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருகிறவர்கள் வேடர் சொன்னதோடு நிறுத்தாமல், வாளுக்கும் பதில் எழுதுங்கள்.