பத்தாம் வசனத்தையும் வாசியுங்கள், ஐயா

எரேமியா 29:11ஐ வைத்து "இந்த வருஷ முடிவுக்குள்" செழிப்பு வரும் என்று சொல்கிற அந்தப் பிரசங்கக் காணொளியை நேற்றிலிருந்து எனக்கு எத்தனையோ பேர் அனுப்பிவிட்டீர்கள். பாதிப் பேர் கூடவே "ஆமென்" என்றும் எழுதியிருந்தீர்கள். அதைக் குறை சொன்ன என் முந்தைய பதிவுக்குக் கீழே விழுந்த வசவுகளையும் ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எரேமியா 29:11: தேவன் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். நாற்பது நிமிஷப் பிரசங்கம். அந்த வசனம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. பத்தாம் வசனம் ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை. என் கோபமெல்லாம் இந்த ஒன்றின்மேல்தான்.

பத்தாம் வசனம் சொல்வது எழுபது வருஷம்: பாபிலோனில் அது முடிந்தபிறகுதான் உங்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்கிறார் தேவன். கி.மு. 597இல் யூதாவின் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் இது. அதைக் கையில் வாங்கிய முப்பது வயதுக்காரன் தன் ஊரைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அவன் பேரன் பார்க்கலாம். அதனால்தான் அதற்கு முன்பே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்று வருகிறது.

இன்னும் ஒரு பக்கம் பின்னால் போனால் 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி நிற்கிறான். "இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும்" என்று ஆலயத்தில், ஜனங்களுக்கு முன்னால், கர்த்தருடைய நாமத்தில் சொல்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தும் காட்டுகிறான். கவனியுங்கள், எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னார் (28:6). அவருக்கும் ஆசைதான். ஆனால் தேவன் சொல்லாத தேதியை அனனியா சொன்னான். காணொளியில் "இந்த வருஷ முடிவுக்குள்" என்று கேட்டீர்களே, அது அனனியாவின் பேச்சு. அந்தப் பேச்சை மறுக்க எழுதிய கடிதத்திலிருந்தே ஒரு வரியை உருவி, அந்தப் பேச்சுக்கே ஆதாரமாக வைத்துவிட்டார்கள். இதை எப்படி நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது?

"செழிப்பு" என்ற சொல்லும் அந்தக் காணொளியில் பத்துத் தடவையாவது வந்திருக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள், "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்றிருக்கிறது. எபிரெயத்தில் ஷாலோம். இதே சொல் ஏழாம் வசனத்தில் மூன்று தடவை வருகிறது: அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருந்தால் உங்களுக்கும் சமாதானம். தங்களைச் சிறைபிடித்தவர்களின் ஊருக்காக ஜெபிக்கச் சொன்ன சொல் அது. ஏழையும் பதினொன்றையும் சேர்த்து வாசித்திருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் இருந்தது. இன்னொன்று: வேதாகமத்தில் தேவன் ஒருவனிடம் பேசினால் "நீ", "உன்" என்பார். இங்கே "உங்கள்பேரில்". பன்மை. நம் காதில் "உங்கள்" மரியாதைச் சொல்லாக விழுவதால், ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் வந்த கடிதம்போல எடுத்துக்கொள்கிறோம். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது பிரசங்கியார்தானே?

நல்ல பிரசங்கத்துக்குப் பெரிய படிப்பு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமையே பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வசனம் வேண்டாம், ஒரு முழுப் பத்தி. அதிகாரம் முழுவதையும் ஐந்தாறு தடவை சத்தமாக வாசியுங்கள். யார், யாரிடம், எப்போது பேசுகிறார் என்று எழுதுங்கள். "ஆகையால்", "ஏனெனில்", "ஆனாலும்" வருகிற இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். பகுதியின் எலும்புக்கூடு அங்கேதான் தெரியும். பகுதி சொல்வதை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் இன்னும் பிரசங்கம் தயாராகவில்லை என்று அர்த்தம். தலைப்புகள் அந்தப் பகுதியிலிருந்தே வரட்டும். மூன்று வேண்டுமென்பதற்காக மூன்றாவதை இழுத்து வைக்காதீர்கள். ஒத்துவாக்கியத்தில் (ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் அகராதியில்) ஒரு சொல்லைத் தேடிப் பன்னிரண்டு வசனங்களுக்குத் தாவும்போது எந்த வசனமும் தன் இடத்தில் நின்று பேசுவதில்லை. தலைப்புக்கு ஓர் உதாரணம் போதும். மூன்று சாட்சிக் கதைகள் வந்தால் இருபது நிமிஷம் போய்விடும், வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கதைதான் நினைவிருக்கும். முடிவுரையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எழுதாதவர்கள்தான் "கடைசியாக" என்று நாலு தடவை சொல்கிறார்கள்.

நெகேமியா 8:8இல் இது முழுவதும் இருக்கிறது: தீர்க்கமாக வாசித்தார்கள், அர்த்தம் சொன்னார்கள், விளங்கப்பண்ணினார்கள். 1538இல் ஜெனீவாவிலிருந்து துரத்தப்பட்ட சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1541இல் திரும்பி வந்து, நிறுத்தின இடத்துக்கு அடுத்த வசனத்திலிருந்து பிரசங்கித்தார். தன்னைத் துரத்தினவர்களைப் பற்றி அந்தப் பிரசங்க மேடையில் பேச அவருக்கு எவ்வளவோ இருந்திருக்கும்.

"ஆவியானவர் அந்த நேரத்தில் தருவார், தயாரிப்பு எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்கிற மத்தேயு 10:19ஐக் காட்டுகிறார். ஐயா, அது அதிகாரிகள் முன்னால் இழுத்துக்கொண்டுபோகப்படுகிறவர்களுக்குச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வரும் என்று ஆறு நாளைக்கு முன்பே தெரிந்தவர்களுக்கு அல்ல.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த வரி வருகிற சங்கீதம் 105ஐ ஒன்பதாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி காத்ததைச் சொல்கிறது. பிரசங்கத்தைச் சோதித்துப் பார்க்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பவுல் பேசியதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17:11 நற்குணசாலிகள் என்கிறது. என்னை இங்கே சிலர் பிசாசின் கருவி என்றார்கள்.

"அப்படியானால் எங்களுக்கு வாக்குத்தத்தமே இல்லையா?" இது நியாயமான கேள்வி, வலிக்கிற கேள்வியும்கூட. உண்டு. எழுபது வருஷம் சொன்னவர் சொன்னபடி திரும்ப வரப்பண்ணினார். அவர்தான் நம் தேவன். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கிறது (2 கொரிந்தியர் 1:20). அந்த வழியாக வந்து இந்த வசனத்தைப் பிரசங்கித்தால் நானும் ஆமென் சொல்வேன்.

"ஜனங்கள் ஆறுதலடைந்தார்களே, உனக்கென்ன?" என்றவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டும். ஓர் அக்காவின் வேதாகமத்தில் இந்த வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் நாலு தேதிகள் எழுதியிருக்கின்றன. நாலும் வெவ்வேறு வருஷங்கள், நாலு வாக்குத்தத்தச் செய்திகள். முதல் மூன்றின்மேல் கோடு கிழித்திருக்கிறது. அவர் பிரசங்கியாரைக் குறை சொல்லவில்லை. "என் விசுவாசம்தான் பத்தவில்லை போல" என்கிறார். அவருக்கு ஒருவரும் பத்தாம் வசனத்தை வாசித்துக் காட்டியதில்லை.

பதிவை நீக்கச் சொல்லி உள்பெட்டியில் கேட்டவர்களே, நீக்கமாட்டேன். எரேமியா 28, 29. இரண்டு அதிகாரங்களையும் சத்தமாக வாசிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். வாசித்துவிட்டு அந்தக் காணொளியை இன்னொரு தடவை கேளுங்கள். அதற்குப் பிறகு என்னைத் திட்ட வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.