யானை வழித்தட வரைபடத்தால் பட்டா ரத்தாகாது

"யானை வழித்தட வரைபடத்தில் உங்கள் சர்வே எண் வந்துவிட்டால் பட்டா செல்லாது, வீட்டைக் காலி செய்ய வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை நாடு முழுவதும் 150 வழித்தடங்களை அடையாளம் காட்டுகிறது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு யானைகள் எந்த வழியாகப் போகின்றன, எங்கே இடம் குறுகிவிட்டது என்று காட்டும் ஆவணம் அது. யாருடைய நில உரிமையையும் அது மாற்றுவதில்லை.

சரி, நீலகிரி மாவட்டம் சீகூரில் ரிசார்ட்டுகளுக்கு சீல் வைத்தார்களே? உண்மைதான். நீலகிரிச் சரிவுக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் நடுவே யானைக்கு இருப்பது ஒடுங்கிய ஒரு சமவெளி. அதை யானை வழித்தடமாக அறிவித்து 2010-ல் தனி அரசாணை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-ல்தான் தீர்ப்பு. அப்போதும் நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தார்கள். வெறும் வரைபடத்தால் நடந்ததல்ல அது.

சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் eservices.tn.gov.in இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து உங்கள் பட்டாவைப் பாருங்கள். வழித்தட அறிக்கை அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும்.

இந்தப் பயத்தில் யாரும் நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடக் கூடாது. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.