பவர் ஸ்டீரிங் பம்பைக் கழற்றும் முன் ஆயில் டப்பா மூடியைத் திறந்து பார்த்தால் என்ன?

“ஓட்டிப் பாத்தேன் அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு.” மெக்கானிக்குகள் சொல்லும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நல்லாத்தான் இருக்கும். காலையில் விட்ட வண்டியை மத்தியானம் வரை ஷெட்டில் போட்டு, எல்லாம் ஆறிய பிறகு தெருமுனை வரை போய்த் திரும்பினால் எந்தக் கோளாறு தெரியும்? நான் சொன்னது என்ன? வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, வண்ணாரப்பேட்டை நெரிசலில் ஊர்ந்து வரும்போதோ மலைப்பாதையில் அடுத்தடுத்து ஒடிக்கும்போதோ ஸ்டீரிங் திடீரென்று இறுகுகிறது. கூடவே முன்பக்கம் ஓர் உறுமல். கொஞ்ச நேரத்தில் தானாக இளகிவிடுகிறது. மறுநாள் காலையில் அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லை. இவ்வளவையும் நின்று விளக்கினேன். வண்டியின் குறையை எழுதிவைக்கும் ஜாப் கார்டில் ஏறியது ‘ஸ்டீரிங் டைட்’. எப்போது, எந்தச் சூட்டில், எவ்வளவு ஓடிய பின், என்ன சத்தத்தோடு என்பதுதானே கோளாறின் முகவரி? அது அத்தனையும் கார்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

என்னுடையது 2002-ல் வந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். “பழசு, அப்படித்தான் இருக்கும், வித்துருங்க” என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்த மாதிரி வண்டியில் டயர் அகலம். ஸ்டீரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும்படி ராக் பல்லை அமைத்திருப்பார்கள் (ஸ்டீரிங்கைத் திருப்பினால் பக்கவாட்டில் நகர்ந்து முன் சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த தண்டுதான் ராக்). அதனால் பம்ப் அழுத்தித் தரும் ஆயிலின் உதவி நின்றால் சாதாரணக் காரைவிட இது கைக்குக் கனக்கும். எப்போதும் கனமாகவே இருந்தால்கூடப் பழகிக்கொள்ளலாம். வளைவின் நடுவில் மாறுவதுதான் ஆபத்து. செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஏறும்போது, எதிரே கேரளாவிலிருந்து லாரி இறங்கும்போது, லேசாக இருக்கும் என்று நம்பிய கைக்கு ஸ்டீரிங் வராமல் நின்றால் என்ன ஆகும்? என் வீட்டுப் பிள்ளைகள் பின் சீட்டில் இருந்தார்கள். இதைத்தான் ‘டைட்’ என்று எழுதி முடித்தார்கள்.

அப்புறம் தீர்ப்பு வந்தது: “பம்பு போயிட்டு அண்ணாச்சி, மாத்திரணும்.” எப்படித் தெரியும் என்று கேட்டேன். சத்தம் வருதுல்ல என்றார்கள். சென்னையிலிருந்து ஒரு செகண்ட் ஹேண்ட் பம்பை வரவழைத்து மாட்டினார்கள். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. பாபநாசம் போய்த் திரும்பும்போது அதே உறுமல், அதே இறுக்கம். திரும்பக் கொண்டுபோய் விட்டால், “அப்போ ராக்குதான் அடிச்சிட்டு.” ராக் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பம்ப் தப்பில்லை என்றால் ராக், ராக் தப்பில்லை என்றால் அடுத்து எது? என் காசை வைத்தா கோளாறு தேடுவது?

காரில் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பவர் ஸ்டீரிங் விற்பனைக்கு வந்தது 1951-ல், கிரைஸ்லர் இம்பீரியலில். எழுபது வருடத்துக்கு மேலாகப் புழங்கும் விஷயம். பம்ப் நல்லதா கெட்டதா என்று ஊகிக்கவே வேண்டாம். பம்புக்கும் ராக்குக்கும் நடுவில் வால்வோடு கூடிய பிரஷர் கேஜை மாட்டி, ஆயில் சூடேறியதும் வால்வை மூடி, 5 விநாடிக்குள் அளவைப் படித்துவிட்டுத் திறக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அழுத்தம் வந்தால் பம்பில் குறையில்லை, ராக் பக்கம் போகலாம். வராவிட்டாலும் பம்பை உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. பெல்ட் வழுக்குகிறதா, ஆயில் குறைகிறதா, காற்று கலக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஜே இல்லையா, சரி. முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல் ஸ்டீரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் பிடித்தால் கோளாறு ஆயிலில் இல்லை, ஸ்டீரிங் ராடின் ஜாயின்டிலோ பால் ஜாயின்டிலோ இருக்கலாம். இதற்கு ஒரு ஜாக்கியும் பத்து நிமிடமும் போதும். யாரும் செய்யவில்லை.

கடைசியில் கண்டுபிடித்தது கார் மெக்கானிக்கே இல்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் ஜேசிபிக்கு ஹைட்ராலிக் வேலை பார்க்கிற ஒருத்தர். பரணியாற்றுக் கரையோரமாக நன்றாக ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போய் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கச் சொல்லவில்லை. முதல் வேலையாக ஆயில் டப்பா மூடியைத் திறந்தார். உள்ளே ஆற்றிய டீயைப் போல நுரை. “காத்து இழுக்குது சார், பம்புல ஒண்ணும் இல்ல” என்றார்.

டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பை அடைத்துக்கொண்டிருக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்து கெட்டியாகிவிட்டது. அந்த இடத்தில் ஆயில் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே போகும். அதனால்தான் தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நுரை பம்புக்குள் போனால் அழுத்தம் எழும்பாது, உறுமும், ஸ்டீரிங் இறுகும். வண்டியை நிறுத்திவைத்தால் நுரை அடங்கிவிடும். மத்தியானம் வரை ஷெட்டில் ஆறிய வண்டியில் கோளாறு தெரியாததற்குக் காரணம் இதுதான்.

புது ஓ ரிங் போட்டார். ஆயிலை மாற்றினார். சக்கரங்களைத் தூக்கிவைத்து, இன்ஜினைப் போடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காற்றை வெளியேற்றினார். அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் அந்தப் பம்புக்காரர்கள் வெட்கப்பட வேண்டும். அதன் பிறகு புளியரை ஏறி ஆரியங்காவு வரை போய்விட்டு வந்தேன். ஒரே சீராக இருக்கிறது.

இன்னும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பம்பை மாற்றியபோது அதே பழைய ஓ ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்த ஓர் இடத்தைக் கழற்றிய கை, கெட்டுப்போன ரப்பரைத் தொட்டுப் பார்த்த கை, அதை அப்படியே வைத்து மூடியிருக்கிறது. என் பழைய பம்பைக் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். எந்தக் குறையும் இல்லாத, வண்டியோடு வந்த பம்ப் அது. “எடைக்குப் போட்டாச்சே அண்ணாச்சி” என்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? கழற்றிய சாமான் வண்டிக்காரருடையது. எனக்கு அந்தப் பம்பின் விலை வேண்டும், அதை வாங்காமல் நான் விடப்போவதில்லை.